ஷஹீராவின் மஸாக்

அலெக்சாந்திரியாவில் மஸாக் என்ற சொல்லை ஆளுக்கொரு விதமாகப் புழங்குவார்கள். காப்பி குடிக்கத் தோன்றினால் மஸாக். வேலைக்குப் போகத் தோன்றாவிட்டால் அதுவும் மஸாக். மனம் போன போக்கு ஆணுக்கு இருந்தால் அவன் ரசனைக்காரன். பெண்ணுக்கு இருந்தால் அவளைக் கட்டிக்கொள்கிறவன் தொலைந்தான்.

ஷஹீராவுக்கு மஸாக் பிடித்தவள் என்ற பெயர் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இருவரைக் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பியதில் தெரு முழுக்கப் பரவியது. ஆனால் இன்று வரும் ரவூஃபை அவளுக்கு மெய்யாகவே பிடித்திருந்தது. டிராமில் பார்த்துப் பழகிய முகம். அவன் வீட்டார் காதில் இந்தப் பெயர் விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் உன் மஸாக்கை மூட்டை கட்டி வைம்மா," என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார் அவள் தகப்பனார் ஹாஜி பயூமி.

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். ரவூஃபின் தாய் இஸ்மத், மகனின் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இவன் மஸாக் உள்ள புள்ளை. தோணினாத்தான் குடிப்பான். ரெண்டு வேலையை அப்படித்தான் விட்டான். விருந்துல பாதியில எழுந்து போயிடுவான்னா பாருங்களேன்!"

"அடடா, ஆம்பளைன்னா அப்படி இருக்கணும்!" என்றார் ஹாஜி. மாமியார் உடைத்தால் மண்குடம்.

ஷஹீராவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும் அதேதான் மாமி. தோணினாத்தான் சமைப்பேன். தோணலைன்னா உங்க புள்ளை தெருக்கடையில அவரைக்கொட்டை மசியல் வாங்கிச் சாப்பிட்டுக்கணும்."

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார். சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. ஆசைப்பட்டதை வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகை வந்தது.

இஸ்மத் கைப்பையை எடுத்தாள். "பொண்ணு மஸாக் புடிச்சவளா? யாரும் சொல்லவே இல்லையே! எழுந்திரு ரவூஃப், போகலாம்."

ரவூஃப் அசையவில்லை. கோப்பையைத் தன் பக்கம் இழுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தான்.

"எழுந்திருக்க எனக்கு மஸாக் இல்லம்மா."

ஷஹீரா சிரித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் மனசு மாறுவதற்குள் ஹாஜி பயூமி அவசர அவசரமாகக் கைகளை விரித்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதத் தொடங்கினார். அதை ஓதி முடித்தால் கல்யாணம் நிச்சயமான மாதிரி. நடுவில் எழுந்து போகிற வழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. இஸ்மத் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மகனை முறைத்தபடியே தானும் கைகளை விரித்தாள்.