படிகாரம் அடக்கிய ரத்தம்

சலூனில் முதல் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ரேடியோ அண்ணன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க டிரைவர் சார், உக்காருங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பஸ் டிரைவரோ பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

"பரவால்லண்ணே, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. தம்பி முடிச்சிட்டு வரட்டும்."

பேப்பர் நேற்றையது. அண்ணனுக்குச் சுருக்கென்றது.

அந்தச் சலூனில் இருந்ததே இரண்டு நாற்காலிதான். ஒன்று அண்ணனுடையது, மற்றது அவர் மனைவியின் தம்பியுடையது. அண்ணனுக்கு ரேடியோ என்ற பட்டம் சும்மா கிடைக்கவில்லை. கத்திரிக்கோல் நின்றாலும் அவர் வாய் நிற்காது. அந்தப் பேச்சுக்காகவே தலையில் நாலு முடி இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்த காலம் உண்டு. இப்போது என்ன கேடு வந்ததோ, அவர் நாற்காலியை ஈகூட எட்டிப் பார்ப்பதில்லை. மச்சினன் பக்கம் மட்டும் ஆள் காத்திருக்கிறது. அண்ணன் வயிறு எரிந்தது.

தன் வாய்க்குள் நடந்துகொண்டிருந்ததை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. முதன்முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்த அன்று பயந்துதான் போனார். பிரஷ் குத்திக் கிழித்துவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அப்புறம், சவரம் செய்யும்போது கத்தி கீறினால் என்ன செய்வாரோ அதையே செய்தார். படிகாரக் கல்லைத் தூளாக்கி ஈறில் அழுத்தித் தேய்த்தார். ரத்தம் நின்றது! அவருக்கு ஒரே பெருமை. மச்சினனைக் கூப்பிட்டு, "பாத்தியா மாப்ளே, நம்ம கைமருந்து" என்று அவனுக்கும் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து விரலில் பேஸ்ட், கொஞ்சம் படிகாரம், வாயில் ஒரு புதினா மிட்டாய், கடைக்கு வெளியே அவ்வப்போது ஒரு சிகரெட். கீழ்வரிசை முன்பல் இரண்டு லேசாக ஆடத் தொடங்கின. வயசாகிறது, ஆடாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்.

அன்று வீட்டில் வெடித்தார். "உன் தம்பி என் கஸ்டமரையெல்லாம் வளைச்சுப் போட்டுட்டான். சோறு போட்ட கையையே கடிக்கிறான்!"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். அந்த மௌனத்தை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கடை திறந்ததும் மச்சினனைப் பார்த்து, "மாப்ளே, இன்னிலேர்ந்து நீ வேற கடை பாத்துக்கோ" என்றார். அவன் அவர் முகத்தையே பார்த்தான். "சரி மாமா" என்று தன் கத்திரிக்கோலையும் சீப்பையும் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

இனி எல்லாரும் நம்ம நாற்காலிக்குத்தானே வந்தாகணும் என்று அண்ணன் நிமிர்ந்து நின்றார். வந்தவர்கள் வாசலிலேயே எட்டிப் பார்த்தார்கள். "தம்பி இல்லையா? அப்புறமா வரேன்" என்று நழுவினார்கள். டிரைவரும் வந்தார், பார்த்தார், போனார். சாயங்காலம் வரை கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ரேடியோ அண்ணன். பேச ஆளில்லை.

வீட்டுக்கு வந்து, "எனக்கு யாரோ செய்வினை வச்சிருக்காங்க" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது மனைவிக்கு அடக்க முடியவில்லை.

"செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க வாய் நாறுது! பக்கத்துல நிக்க முடியல. நான் ஏன் இத்தனை நாளா சுவத்தைப் பாத்துப் படுக்கறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? மாமாகிட்ட உக்காருங்க, மாமாகிட்ட உக்காருங்கன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் அவன் கெஞ்சினான். அவனைப் போய்த் துரத்திட்டீங்களே!"

அண்ணனுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. கையைக் குவித்து வாயருகே வைத்து ஊதிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் போய்ப் பார்த்த பல் டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியை ஈறின் ஓரத்தில் விட்டுப் பார்த்தார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"முன்னாடி ரத்தம் வந்திருக்கணுமே?"

"வந்துச்சும்மா. படிகாரம் போட்டு நிறுத்திட்டேன்."

டாக்டரம்மா கம்பியைக் கீழே வைத்தார். "கத்தி கீறின காயத்துக்கு அது சரி. இது காயமில்லங்க, நோய். சரியா தேய்க்காத இடத்துல அழுக்கு படிஞ்சு, கல்லு மாதிரி காரையா இறுகிப்போச்சு. அதுல இருக்கற கிருமியால ஈறு வீங்கி ரத்தம் வந்துச்சு. என்னைக் கவனின்னு ஈறு கூப்பிட்டிருக்கு, நீங்க அது வாயை அடைச்சிட்டீங்க. சிகரெட்டும் சேர்ந்து ரத்தத்தை மறைச்சிடுச்சு. உள்ளே பல்லைத் தாங்கற எலும்பே கரைஞ்சிருக்கு."

"காரையை எடுத்தா பல்லு ஆடிடும்னு சொல்றாங்களேம்மா?"

"அது ஏற்கெனவே ஆடுற பல்லு. காரை அதைப் பிடிச்சு வச்சிருக்கறதால தெரியல. அவ்வளவுதான்."

வேர் வரை சுத்தம் செய்ய நாலைந்து தடவை வர வேண்டும் என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். சிகரெட்டை விடச் சொன்னார். மிருதுவான இழையுள்ள பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும் மெதுவாகத் தேய்க்க வேண்டும், பல் இடுக்கையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். கரைந்த எலும்பு பழையபடி வராது, மேலும் கரையாமல் தடுக்கலாம். கீழே முன்பல் இரண்டும் இனி நிற்காது என்றார்.

"ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா?"

"சுத்தம் பண்ணி அன்னிக்கே அனுப்பியிருப்பேன்."

பல் இரண்டும் போனபின், முகத்தில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு அண்ணன் மச்சினனைத் தேடிப் போனார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு சலூனில் கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். அவன் பதறிப்போனான்.

"என்ன மாமா இது!"

"தப்பு என்மேலதான் மாப்ளே, மன்னிச்சுக்கோ. ஆனா ஒண்ணு கேக்கறேன். கூடவே நின்னியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட எப்படி மாமா சொல்றது? மரியாதை இல்லையா?" என்று சொன்னவன் கொஞ்சம் தயங்கினான். குரல் இறங்கியது. "இதையும் சொல்ல வாய் வரல மாமா. எனக்கும் தேய்க்கும்போது ரத்தம் வருது. நீங்க காட்டினபடி படிகாரம்தான் போட்டுட்டு இருக்கேன்."

தன் பல் போனபோதுகூட அண்ணன் இப்படிப் பயந்ததில்லை. அவன் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

"கிளம்புடா. இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

"கஸ்டமர் காத்திருக்காங்க மாமா..."

"காத்திருக்கட்டும்! ஈறுல ரத்தம் வந்தா அது நோய் வந்து கதவைத் தட்டற சத்தம். நான் காதை அடைச்சேன், நீங்க எல்லாரும் மரியாதைன்னு வாயை அடைச்சீங்க. அந்த மரியாதையில எனக்குப் பல்லு போச்சுடா. உனக்குப் போக விடமாட்டேன்."