நின்ற இடத்தில் நிற்காத எடிட்டர்

சித்தார்த்தின் வேலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில், இரவு எந்த லாரி வெளியே போகலாம் என்கிற பட்டியலை மாலைக்குள் கேட்டுக்குத் தரும் புரோகிராம் அவன் எழுதியது. அந்த மாதம் இரண்டு தடவை பட்டியல் கேட் ஃபோல்டரில் விழாமல் வேறெங்கோ விழுந்தது. உள்ளே இருந்தவை வெளியேற முடியாமல், எண்ணூர் சாலை நெடுக லாரிகள் விடிய விடிய நின்றன. மூன்றாவது தடவை நடந்தால் வரவேண்டாம் என்று முதலாளி அய்யாத்துரை சொல்லிவிட்டார். புளியந்தோப்பு வீட்டில் சம்பளம் என்று வருவது அவனுடையது ஒன்றுதான்.

அன்று அவன், புரோகிராம் எழுதி ஓட்டுகிற எடிட்டர் என்னும் சாஃப்ட்வேரை விடாமல் கண்காணித்தான். எந்த ஃபோல்டரில் நிற்கிறாய் என்று கேட்டால் காலையில் சரியாகச் சொன்னது. பழைய பில் ஒன்றைத் திறந்துவிட்டுக் கேட்டான். பில் இருந்த ஃபோல்டருக்கே போய் உட்கார்ந்திருந்தது, கடைக்கு அனுப்பிய பிள்ளை வேடிக்கை பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டதுபோல. எடிட்டர் நிற்கும் இடத்தில்தான் புரோகிராம் பட்டியலைப் போடும்; ஓட்டிப் பார்த்தபோது அதுவும் அங்கேயே விழுந்தது.

செட்டிங்ஸில் ஒரு வரி: எந்த ஃபைலைத் திறந்தாலும் அதன் ஃபோல்டருக்கு மாறு. அவன் எழுதியதல்ல. பகலில் அவன் வேலை பார்ப்பான், மாலை ஷிப்டில் ஷிபின். இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின். இன்னொன்று வாங்க முதலாளிக்கு மனசில்லை. ஷிபினுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். பயம் யாரை விட்டது? சித்தார்த் நேரே முதலாளி அறைக்குப் போனான்.

"செட்டிங்க மாத்தினது நான் இல்ல சார். ஷிபின் மாத்திகீறான்."

"அப்போ அவன நாளைலேர்ந்து வராண்டாம்னு சொல்லிரு. நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு அய்யாத்துரை காரில் ஏறிப் போய்விட்டார்.

மாலை ஷிபின் சாப்பாட்டுப் பையோடு வந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், அதிகம் பேசமாட்டான். சித்தார்த் அவன் முகத்தைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னான்.

"ஃபைல் சட்டுனு கிடைக்கும்னுதான் அந்த வரியப் போட்டேன் அண்ணே. உங்க லிஸ்ட் அதனாலதான் மாறிப் போகுதுன்னு தெரியாது." சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான். "தெனமும் வந்த உடனே அது எங்க கெடக்குன்னு தேடி எடுத்து, சரியான எடத்துல போட்டுட்டுத்தான் என் வேலயப் பாப்பேன். நான் லீவு போட்ட ரெண்டு நாளுதான் லாரி நின்னது."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"வெளிய தெரிஞ்சா உங்க வேல போயிரும்லா."

சித்தார்த் உடனே முதலாளியை போனில் கூப்பிட்டான், அவர் எடுக்கவில்லை.

ஷிபின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாகக் குனிந்து மௌஸைப் பிடித்து, பில் ஃபோல்டரில் கிடந்த அன்றைய பட்டியலை எடுத்து கேட் ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போனான்.