முதுகைக் காட்டாத யானைகள்

கண்ணிக்குக் கண்ணி இணைக்கவும், எதுவும் மிஞ்சாது என்றது நூலில் பொம்மை யானை பின்னும் வழிகாட்டியின் கடைசிப் பக்கம். அவள் கையில் ஆறு நூல்கண்ணி மிஞ்சியது. வயிற்றுத் துண்டின் விளிம்பில் முப்பத்தாறு கண்ணி, முதுகுத் துண்டின் விளிம்பில் நாற்பத்திரண்டு. முப்பத்தாறையும் ஒழுங்காகச் சேர்த்து முடித்ததும் வாலுக்கு மேலே முதுகு மட்டும் தனியாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இது நான்காவது முறை.

இருபது வருடமாக மருந்துக்கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பிழைக்கிறவள் அவள். மையில் விழுந்த மண்புழு காகிதத்தில் ஏறி நடந்தது போன்ற சீட்டிலிருந்துகூட மாத்திரையின் பெயரையும் வேளையையும் உருவிவிடுவாள். அவளுக்கு, ஓரமெல்லாம் பூக்கொடி போட்டு அச்சடித்த இந்தப் பன்னிரண்டு பக்கம் பிடிபடவில்லை. 'இந்தச் சுற்றில் நூலின் மூச்சைக் கேளுங்கள்' என்று ஒரு வரி. கேட்டாள். நூல் ஒன்றும் சொல்லவில்லை. 'முந்தைய சுற்றைப் போலவே, ஆனால் வேறு மாதிரி' என்று இன்னொரு வரி. எந்த டாக்டராவது இப்படி ஒரு சீட்டு எழுதியிருந்தால் இதற்குள் இரண்டு உயிர் போயிருக்கும்.

யானை பின்னுகிறவர்களின் கைப்பேசிக் குழுவில் பணிவாகத்தான் கேட்டாள்: டீச்சர், ஆறு மிஞ்சுகிறதே, எங்கே தவறு? வழிகாட்டியை எழுதிய டீச்சர், தன் பெயருக்கு முன்னால் 'நூற்கலை வித்தகி' என்று தானே போட்டுக்கொண்டவர். இருநூற்றுப் பத்துப் பேர் பார்க்கப் பதில் வந்தது. எண்ணத் தெரியாதவர்கள் முதலில் எண்ணப் பழகலாம். தவறு எப்போதும் கையில்தான், வழிகாட்டியில் அல்ல. அடியில் ஒரு கைகூப்பு. அதற்கும் அடியில் நாற்பது பேருடைய கைதட்டல்.

எண்ணத் தெரியாதவள். அந்தச் சொல் மறுநாள் அவளோடு கடைக்கும் வந்துவிட்டது. அட்டையிலிருந்து பத்து மாத்திரை வெட்டிக் கொடுப்பதற்குள் மூன்று தடவை எண்ணினாள். இருமலோடு நின்ற பெரியவர், "மாத்திரைதானேம்மா, முத்தா?" என்றார். வாங்கியவர் மறைந்த பிறகும், சரியாகத்தான் கொடுத்தோமா என்று அட்டையில் மிச்சமிருந்ததை எண்ணிப் பார்த்தாள். இருபது வருடத்தில் வராத பயம்.

மதியம் டிபன் டப்பாவைத் திறக்காமல், தன் தவறு எதுவென்று கண்டுபிடிக்கக் குழுவில் வந்த யானைப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். அறுபத்து மூன்று யானைகள். ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஒன்று பூந்தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. ஒன்றுக்குச் சால்வை போர்த்தியிருந்தார்கள். எல்லாம் தும்பிக்கையைத் தூக்கிச் சிரித்தன. ஒன்றுகூடத் திரும்பி முதுகைக் காட்டவில்லை.

யாராவது ஒருவர் உங்கள் யானையைத் திருப்பிக் காட்டுங்கள் என்று குழுவில் எழுதினாள். நூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். ஒரு முதுகும் வரவில்லை. பிறகு கைப்பேசி ஒலித்தது. எதற்கும் முதல் ஆளாக 'தெய்வீகம் டீச்சர்' போடுகிற, வங்கியில் வேலை பார்க்கும் அக்கா. சால்வை யானைக்குச் சொந்தக்காரி.

"எனக்கும் ஆறுதாம்மா மிஞ்சுச்சு. போர்த்தி விட்டுட்டேன். நீ எதுக்கு சும்மா வாயக் குடுக்கிற?"

"என்னை எண்ணத் தெரியாதவள்னு சொன்னப்ப கை தட்டுனீங்களே, அக்கா."

"எல்லாரும் தட்டுனாங்க."

"எல்லாருக்கும் ஆறு மிஞ்சுச்சா?"

அக்கா வைத்துவிட்டாள்.

அவள் பையில் கொண்டுவந்திருந்த தன் யானையை எடுத்து அதன் முதுகைப் படமெடுத்தாள். வயிறு 36, முதுகு 42 என்று மட்டும் எழுதிக் குழுவில் போட்டாள். ஒன்பதாவது நிமிடம் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய எண்ணுக்குத் தனியாக முதுகுப் படங்கள் வரத் தொடங்கின. ஊக்கு குத்திய முதுகு, பொத்தான் வைத்த முதுகு, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டிய முதுகு. ஒவ்வொன்றோடும் 'உங்களுக்கு மட்டும்' என்று ஒரு குறிப்பு. இதைக் குழுவில் போடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள். வந்துகொண்டிருந்தது நின்றுபோனது.

யானையை அவள் பிரிக்கவில்லை. மாலை, கடையில் கூட்டம் சேரும் நேரத்தில் கண்ணாடி மேசைமேல், மருந்து அலமாரியைப் பார்த்தபடி, முதுகு தெருவுக்குத் தெரிய உட்கார வைத்தாள். சீட்டோடு வந்த ஒருவர் ஓட்டைக்குள் விரல்விட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, பின்னாடி மூடாம விட்டுட்டியே?"

"வழிகாட்டில போட்டிருந்த மாதிரியே, ஒரு வரி பிசகாம பின்னினதுங்க," என்று அவரிடமிருந்து சீட்டை வாங்கினாள்.

மின்விசிறிக் காற்றில் யானைக்குள் அடைத்திருந்த பஞ்சு ஓட்டையின் ஓரமாக மெல்ல வெளியே வந்து, தெருப்பக்கமாக அசைந்துகொண்டிருந்தது.