கடைமடைக்கு வந்த கரண்ட்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அக்டோபர் ஒன்பதாம் தேதி, பகல் பதினொன்றரை மணிக்கு, கீழப்பன்னையூர் வாய்க்காலில் மின்சாரம் வந்தது. தண்ணீர் வரவில்லை. கணுக்கால் ஆழத்துக்கு, வடித்த கஞ்சியின் நிறத்தில், சருகுகளையும் ஓர் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு மின்சாரம்தான் வந்தது.

ஷட்டரைத் திறந்தவர் லஸ்கர் மதலைமுத்து. வாய்க்கால் மதகுகளை ஏற்றி இறக்குவது அவர் உத்தியோகம். அந்த வருடம் காவிரி அவ்வளவு தூரம் வராததால் வேலையே இல்லை. ஊரில் போர்வெல் இருந்தது, நாற்பது மோட்டார் இருந்தது. அவற்றை ஓட்டும் மூணு பேஸ் கரண்ட் மட்டும் நாளுக்கு ஒரு மணி நேரம். வாய்க்காலின் இரு கரையிலும் முந்நூறு ஏக்கர் தரிசில் சூரிய மின்சாரக் கம்பெனி தகடுகளைப் பரப்பி, பகல் பூராவும் ஊருக்குக் கரண்ட் என்று சொல்லியிருந்தது. தகடு வந்தது, ஊருக்கு வரவேண்டிய கம்பம் வரவில்லை. மதலைமுத்துவின் மனைவி பாத்திமா மேரி, மாதா கோயில் அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலை உயிரோடு வைத்திருந்தாள். நாற்றுக்கு நாற்பத்தைந்து நாளாகிவிட்டது. நட்டால் ஒன்றரை ஏக்கர் சம்பா. நடாவிட்டால் குவைத்தில் ஒரு வீட்டுச் சமையல் வேலை. பாஸ்போர்ட் தஞ்சாவூர் ஏஜெண்டிடம் இருந்தது, டிக்கெட் பதினாலாம் தேதிக்கு. மதலைமுத்து தகடுகள் மேல் காய்ந்த வெயிலைப் பார்த்தார். வேறு எதுவும் செய்யத் தெரியாததால் கைப்பிடியை மாட்டி ஷட்டரை ஏற்றினார்.

கம்பெனி இன்ஜினியர் கிளாட்சன் ஓடி வந்தான். "அண்ணே, கரண்ட் இப்படி மேட்டுலேருந்து பள்ளத்துக்கெல்லாம் ஓடாது."

"எங்க ஊர்ல எது வந்தாலும் அப்படித்தான் தம்பி ஓடும்."

கிளாட்சன் மீட்டரை வைத்துப் பார்த்தான். நானூறு வோல்ட், மூணு பேஸ். டீ குடிக்கப் போய்விட்டான். மோட்டார் ஒயரின் நுனியை வாய்க்காலில் போட்டவர்களுக்கெல்லாம் மோட்டார் ஓடியது. மாடுகளை மட்டும் வாய்க்காலில் இறங்காதபடி தள்ளிக் கட்டினார்கள். மறுநாளே தகராறு வந்ததால் தண்ணீருக்கு வைப்பதுபோல ஆறு நாள் முறை வைத்தார்கள். மதலைமுத்து புல்கட்டியும் மண்ணும் வைத்து ஒரு மடையை அடைத்தால், கரண்ட் பேசாமல் அடுத்த மடைக்குத் திரும்பியது. "கண்ணுசாமி வீட்டுக் கிரைண்டருக்கும் மடை வெட்டியிருக்கான், பாருங்க லஸ்கரே" என்று தலைமடைக்காரர் வேம்பு மட்டும் புகார் சொன்னார்.

லஸ்கர் வயலுக்கு எப்போதும் கடைசி முறை. பதினைந்தாம் தேதி. ரெண்டு நாள் முந்தித் திருப்பினால் போதும், அவள் போக வேண்டியதில்லை. பதிமூன்றாம் தேதி மண்வெட்டியோடு தலைமடையில் நின்றவரிடம் பாத்திமா மேரி சோற்றுத் தூக்கை நீட்டினாள்.

"முறைய மாத்தி நமக்குத் திருப்பிடாதீங்க. நாளைக்கு இந்த ஊர்ல நீங்கதான இருக்கப்போறீங்க."

கடைமடைக்குச் சொன்ன நாளில் எதுவும் வந்ததில்லை. அதை நம்பி டிக்கெட்டை விட முடியாது. பதினாலாம் தேதி வேன் வந்தது, போய்விட்டாள். பதினைந்தாம் தேதி, சொன்ன நாளில், கரண்ட் வந்தது. அவள் சுமந்து வளர்த்த நாற்றை வேறு பெண்கள் நட்டார்கள்.

தையில் ஊர் முழுக்க அறுப்பு. பிள்ளைகள் பகலில் பேன் போட்டுப் படித்தார்கள். ரெண்டு வருட ஒப்பந்தம் என்பதால் பாத்திமா மேரி திரும்ப முடியவில்லை. கார்த்திகையிலிருந்து அவள் போனும் இல்லை. மதலைமுத்து தினமும் நூறு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் தன் வயலையும் தாண்டி, வாய்க்கால் கடலில் விழும் இடத்துக் கடைசி ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டார்.

பதினைந்தாம் நாள் போன் வந்தது. "ஏங்க, சார்ஜர மேடம் பூட்டி வெச்சுட்டாங்க. இன்னிக்கு சமையக்கட்டுச் சாக்கடை வழியா வெள்ளையா என்னமோ வந்துச்சு, வைக்கோலெல்லாம் மெதந்துது. போன் ஒயர உள்ள விட்டேன், சார்ஜ் ஏறிடுச்சு. அறுத்தாச்சா?"

"அறுத்தாச்சு."

முறைப் பலகையில் ஏழாம் நாள் என்று எழுதி, பாத்திமா மேரி, குவைத் என்று சேர்த்தார்கள். தலைமடையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. தூரம் அதிகம், ரெண்டு வாரம் முன்கூட்டியே திறந்துவிடுங்கள் என்று மட்டும் வேம்பு சொன்னார்.