வெள்ளைக்காரனைப் பிடிக்கும் நாள்

புதருக்குள் வெள்ளைத் துணி அசைந்தது.

நவநீதன் மூச்சை அடக்கினான். பின்னால் வந்த சுஹேலைக் கையை நீட்டித் தடுத்தான். கால் கட்டைவிரலை ஊன்றினான். பாய்ந்தான்! முள் கிழித்தது, சட்டைப் பித்தான் தெறித்தது, கை எதையோ கெட்டியாகப் பிடித்தது.

"மாட்டிக்கினியா நித்யா!"

"ம்ம்மே..." என்றது பதில்.

ஆடு. கழுத்தில் வெள்ளைத் துணி, மாலை மாதிரி அழகாக முடிச்சுப் போட்டு. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதியில் விட்ட இலையை மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

சுஹேல் அகமது தரையில் உட்கார்ந்தே சிரித்தான். நவநீதனோடு ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் ஒரே லைனில் வேலை செய்பவன். "இன்னா தோஸ்த், சிஸ்டருக்குத் தாடியெல்லாம் மொளச்சிடுச்சி?"

"சிரிக்காதடா. பாராசூட்ட ரெண்டா கிழிச்சிருக்கா. அழுகுணி ஆட்டம்!"

"இடுப்புல கட்டிக்கணும்னுதான் ரூலு. முழுசா கட்டணும்னு யார் சொன்னாங்க?"

வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. களத்துமேட்டில் வார்டு மெம்பர் லோகநாதன் அதிர்வேட்டுக்குத் திரி கிள்ளி வைத்திருப்பார். அவர் பற்றவைத்தால் ஆட்டம் முடிந்தது. நவநீதனின் மானமும் முடிந்தது.

ஒடுகத்தூருக்கு மேலே, மலையடிவாரத்தில் இருக்கிறது நெல்லிக்குட்டை. உலகப்போர் சமயத்தில் ஒரு மழைநாளில் குண்டுபோடும் விமானம் ஒன்று வழி தவறி வந்து அந்த மலையில் மோதியது. நாலு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஒருத்தன் மட்டும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தான். ஊர் அவனைக் கட்டிலில் தூக்கி வந்து, மாட்டுவண்டியில் ஏற்றி, ஆம்பூர் ஸ்டேஷனுக்கு அனுப்பி வைத்தது. போர் போனது, வெள்ளைக்காரனும் போனான். அந்த நாள் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

வருஷா வருஷம் அன்று விடிந்ததும் மலைமேல் நட்ட நாலு கல்லுக்கும் பூ வைப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள், கைக்குழந்தை அழுதால்கூடத் தூக்கிக்கொண்டு தூரப் போய்விடுவார்கள். துக்கம் அந்த நாலு பேருக்கு. அதன்பிறகு இருப்பதெல்லாம் பிழைத்தவனுக்கு. குலுக்கல் சீட்டில் பெயர் வந்தவர்தான் அந்த வருஷத்து வெள்ளைக்காரன். இடுப்பில் வெள்ளைத் துணியோடு ஓடி ஒளிய வேண்டும், ஊரே தேடும். உச்சிவேட்டுக்குள் பிடிக்கிறவருக்கு மைக். சாப்பாட்டுக்கு முன்னால் விமானக் கதையை ஊருக்குச் சொல்லும் உரிமை. யாரும் பிடிக்காவிட்டால் மைக் வெள்ளைக்காரனுக்கே. அப்படி ஒரு வருஷமும் நடந்ததில்லை.

நவநீதன் தலையெடுத்த பிறகு அவனுடைய மூக்கு வேறு இருந்தது. ஊரில் பாதிப் பேர் ஷூ ஃபேக்டரிக்குப் போகிறவர்கள். எத்தனை சோப்பு போட்டாலும் கையைவிட்டுப் போகாத, ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனையை அவன் வரப்பு தாண்டியும் பிடித்துவிடுவான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மைக் அவனுடையது. கதையும் அவன் வீட்டுக் கதை. அவனுடைய கொள்ளுத்தாத்தா முனிரத்தினம்தான் மலையேறிப் போய், மரத்தில் தொங்கிய வெள்ளைக்காரனைக் கயிறு கட்டி இறக்கியவர். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. போன வருஷம் அதற்குள் ஒரு சிறுத்தை வந்தது. தாத்தா அதை முறைத்தே விரட்டினார்.

நேற்று சாயங்காலம் சீட்டில் அவன் பெண்டாட்டி நித்யஸ்ரீ பெயர் வந்தது, அவளும் ஷூ ஃபேக்டரிக்குப் போகிறவள்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, நாளைக்கு நான் ஜெயிச்சா மைக்ல அந்த விஷயத்த சொல்லிடுவேன்."

நவநீதன் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டான். அந்த விஷயம்! அப்பா பிள்ளைக்கு, அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்கு என்று வீட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. கல்யாணமான புதிதில், கரண்ட் போன ஒரு மழை வேளையில், புதுப் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிற ஆசையில் உளறித் தொலைத்திருந்தான்.

"நாலு தலைமுறை மரியாதைடி!"

"சிறுத்தைக்கு இருக்கிற மரியாதைகூட அந்த வெள்ளக்காரனுக்கு உன் கதைல இல்ல மாமா. நெஜக் கதை இதவிட நல்லா இருக்கும். முடிஞ்சா என்னப் புடி."

பிடித்தே ஆகவேண்டும்.

ஆட்டைச் சுஹேலிடம் தள்ளிவிட்டு நவநீதன் மூக்கை உயர்த்தினான். காற்று கீழிருந்து வந்தது. கடலைக்காட்டு மண் வாசனை, அதற்குள் இழை மாதிரி... சொல்யூஷன்!

"கீழ போய்ட்டா! வாடா!"

இரண்டு பேரும் ஓடினார்கள். பம்புசெட்டில் ஒரு நொடி வாசனை தூக்கியது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஈரக் காலடி இருந்தது, ஆள் இல்லை. தொட்டிமேல் அவன் அம்மா தனகோடி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, இந்தப் பக்கம் வந்தாளா?"

"கட்டின பொண்டாட்டிய காணோம்னு ஊர் பூரா கேட்டுனு திரியிறியே, வெக்கமா இல்ல?"

"நீ யார் கட்சி?"

"மருமவ கட்சி. போடா, வேட்டு போட்டுடப் போறாங்க."

வாசனை வரப்பைத் தாண்டியது, வைக்கோல்போரைச் சுற்றியது, நேராகக் களத்துமேட்டுக்கு வந்தது. வந்து, பட்டென்று செத்தது.

களத்துமேடு முழுக்கப் பிரியாணி மணம். ஏலக்காயும் பட்டையும் நெய்யும் சேர்ந்து மூக்கை அடைத்தன. அடுப்புகள் மேல் வரிசையாக மூன்று டேக்சா அண்டாக்கள். மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே கரி பரப்பி, தம்மில் இருந்தன. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் ஆம்பூர் நிசார் அஹமது. வெள்ளைக்காரனை ஏற்றிப் போன வண்டி, அவருடைய பாட்டனார் சாப்பாட்டுக் கடை வாசலில்தான் நின்று சோறு வாங்கியதாம். அந்த உறவில் இந்த நாளுக்கு மட்டும் அந்தக் குடும்பம் வேறெங்கும் ஆர்டர் எடுக்காது.

"நிசார் பாய், நித்யாவப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்னு சொன்னா ஆட்டம் பூடும். பார்க்கலன்னு சொன்னா பொய் ஆயிடும். டீ குடி."

"இங்கதான் இருக்கா!"

நவநீதன் டிராக்டருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். அரிசி மூட்டைகளைப் புரட்டினான். பந்தல் துணியை உதறினான். விறகுக் குவியலைக் கலைத்து நிசார் பாயிடம் திட்டு வாங்கினான். பிறகு அவன் பார்வை மூன்றாவது டேக்சாவில் நின்றது.

"போன வருஷம் ரெண்டுதானே பாய்?"

"இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி."

அவன் கை மூடியை நோக்கி நீண்டது. பாதி வழியில் சுஹேல் பாய்ந்து பிடித்தான்.

"பைத்தியமா உனக்கு? தம்முல இருக்கறத தொறப்பியா? எங்க அம்மி கேட்டா என் தோலையும் சேர்த்து உரிச்சிடுவாங்க!"

நவநீதன் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டான். ஆம்பூர்ச் சோறு தின்றவன் செய்கிற வேலையா அது? "தப்புதான் பாய்" என்று சொல்லி மன்னிப்பும் கேட்டான். மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பி இரண்டடி வைத்தான்.

டமார்!

மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி எறிந்தது. லோகநாதன் காதிலிருந்து விரலை எடுத்தார். ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வெள்ளைக்காரன் பிடிபடவில்லை! சரித்திரத்தில் முதல் தடவை!

நிசார் பாய் நிதானமாக எழுந்தார். மூன்றாவது டேக்சா மேலிருந்த கரியைத் துடைப்பத்தால் தள்ளினார். அத்தனையும் ஆறிப்போன சாம்பல். மூடியின் பின்பக்கம் செங்கல் துண்டு ஒன்று காற்றுக்காக இடுக்கப்பட்டிருந்தது. அடுப்பிலும் நெருப்பு இல்லை. மூடி உயர்ந்தது.

இடுப்பில் பாதிப் பாராசூட்டும் தலைமுடியில் மாவுமாக, வியர்வையில் குளித்து எழுந்து நின்றாள் நித்யஸ்ரீ.

களத்துமேடு வெடித்தது. பறை அதிர்ந்தது. தனகோடி வெற்றிலையைத் துப்பிவிட்டு இரண்டு சுற்று ஆடியே விட்டாள். இளவட்டங்கள் டேக்சாவோடு சேர்த்து அவளைத் தூக்கினார்கள். சுஹேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "என் கையாலயே காப்பாத்திட்டேனே!"

"ஆம்பூர்க்காரங்களுக்கு தம்மத் தொறக்க கை வராதுன்னு தெரியும் அண்ணா" என்றாள் நித்யா.

டிராக்டர் பெட்டிமேல் ஏறி மைக்கை வாங்கினாள். நவநீதன் கீழே, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றான். அவன் காலடியில் கரண்ட் ஒயர் ஓடியது. கால் விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். மைக் செத்துவிடும், அதைச் சரி செய்வதற்குள் பந்தி போட்டுவிடுவார்கள். நாலு தலைமுறை மரியாதை பிழைத்துக்கொள்ளும்.

விரல் ஒயரைக் கொக்கி போட்டது.

நித்யா அதைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். கரண்ட் போன அந்த மழையன்று சிரித்த அதே சிரிப்பு. அன்றைக்குக்கூட சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நல்லவன்ல அந்த ஆளு" என்றுதான் சொன்னாள்.

நவநீதன் காலை எடுத்துக்கொண்டான். வெறுமனே எடுக்கவில்லை, ஒயரை யாரும் மிதிக்காதபடி ஓரமாகவும் தள்ளிவிட்டான்.

"சொல்லு நித்யா!" என்று கத்தினான்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் அவள். "மரத்துல தொங்கினவர கயிறு கட்டி எறக்கினாங்கன்னு வருஷா வருஷம் கேக்கறீங்க. அது நெஜம்தான். ஒருத்தரு தொங்கினாரு, ஒருத்தரு எறக்கினாரு. அந்தக் கயிறு பாராசூட்டுக் கயிறு."

கூட்டம் காதைத் தீட்டியது. நிசார் பாய்கூடக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கூட வந்த நாலு பேர் அந்தாண்ட எரிஞ்சிட்டு இருக்காங்க. பொழச்ச வெள்ளக்காரன் கால்ல ரத்தம் கொட்டுது, பாஷை தெரியாத காடு. அப்போ ஒரு அலறல் கேக்குது. தன் வலிய மறந்துட்டு, கயித்த அறுத்துத் தோள்ல போட்டுக்கினு மரம் ஏறினான். உச்சியில, ஏரோப்ளேன் சத்தத்துக்குப் பயந்து ஏறிட்டு எறங்கத் தெரியாம கிளையக் கட்டிப்புடிச்சி அழுதுட்டிருந்தாரு எங்க மாமாவோட கொள்ளுத்தாத்தா முனிரத்தினம்."