சிக்கும் கதவு

எங்கள் தேவாலய வாசலில் இரட்டைக் கதவு. வலது கதவு சிக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்; அவர்கள் இடதைத்தான் தள்ளுவார்கள். வலதைத் தள்ளித் திணறுபவர் புதியவர். அவரை வரவேற்று, பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைப்பது நான் கண்டுபிடித்த முறை. போன வருடம் என் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்த மச்சான், அதைத் தன் யோசனையாகப் போதகரிடம் சொல்லி, எனக்கு வரவேண்டிய வரவேற்புக் குழுத் தலைவர் பதவியைத் தட்டிப் பறித்தார்.

சனிக்கிழமை வலது கதவுக்கு எண்ணெய் விட்டேன். இடது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

ஞாயிறன்று, இடது கதவோடு மல்லுக்கட்டிய வயதான அம்மா ஒருவரிடம், முகத்தைக்கூடப் பார்க்காமல் மச்சான் ஓடினார்.

“வாங்கம்மா, முதல் தடவையா வர்றீங்களா?”

“இந்தக் கதவைச் செஞ்சதே எங்க வீட்டுக்காரர்தான், தம்பி!”

எல்லோரும் சிரித்தார்கள். வலது கதவு வழியாக நுழைந்த புதுக் குடும்பத்தை நான் கைகூப்பி அழைத்துப்போனேன், போதகர் பார்க்கும்படி.