மூலை வீட்டுக் கட்டில்

பிரதேச சபையில் நான் வரி மதிப்பீட்டு உத்தியோகத்தன். வீடு என்று பதிந்துவிட்டு உள்ளே கடை நடத்துகிறவர்கள் என் தலையைக் கண்டாலே பின்கதவால் நழுவிவிடுவார்கள். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கந்தப்பளையில் இரண்டு வீதிகள் சந்திக்கும் மூலையில் ஒரு வீடு. குடியிருப்புப் பகுதியில் கிளினிக் நடக்கிறது, அங்கே யாருமே குடியில்லை என்று மொட்டைக் கடிதம் வந்திருந்தது. வீட்டுக்காரர் யூஜினா, தோட்ட ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு மிஸ்ஸி. அவர் அங்கேயே வசித்தால் கிளினிக் நடக்கலாம். இல்லையென்றால் மூடவேண்டும். அதைப் பார்த்து எழுதத்தான் நான் போனேன்.

வாசல் பெஞ்சில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் தலைமுழுகி, வெளுத்த சேலை உடுத்தியிருந்தார்கள். அந்தக் குளிரில் காலையிலேயே தலைக்குக் குளிப்பதென்றால் வீட்டில் வெந்நீர்க் குழாய் உள்ள வசதிக்காரர்களாகத்தான் இருக்கும். ஆக, வியாபாரம் ஜோராக நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அவசரப்புத்தி.

மிஸ்ஸி எல்லா இடத்தையும் திறந்து காட்டினார். பிரஷர் பார்க்கும் அறை, மருந்து அறை, சமைக்கச் சின்னக் குசினி. வீடு முழுக்க இருந்தது ஒரே கட்டில், நோயாளியைக் கிடத்திப் பார்க்கிற ஒடுக்கமான கட்டில். எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டேன். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, இங்கேதான் என்றார் மெதுவாக. இங்கே என்றால் எங்கே என்று குரலை உயர்த்தினேன். அவர் மறுபடியும் வாசலைப் பார்த்தார். பொய் என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. 'குடியிருப்பு இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மருந்து அலுமாரியைத் திறந்தார். அடித்தட்டில் தலையணை, கம்பளி, இரவு உடுப்பு, ஜெபமாலை.

"ராவுல இந்தக் கட்டில்லதான் படுக்கிறேன் சேர். தெரிஞ்சா வைத்தியத்துக்கு வர்றவங்க இதுல ஏற மாட்டாங்க. மிஸ்ஸி கட்டிலுன்னு தரையில குந்திருவாங்க, அப்புறம் எப்படி வைத்தியம் பாக்கிறது? தயவுசெஞ்சு வெளிய சொல்லிறாதீங்க."

நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தோட்டக் கிளாக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டும் நின்றுகொண்டே பேசிய அம்மாவுக்கு மகன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'படுக்கையறை: ஒன்று. உரிமையாளர் வசிக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மூலை எல்லையை அளக்கும்போது பெஞ்சில் இருந்தவர்களில் அம்மாக்கண்ணு என்ற தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண் பின்னாலேயே வந்து, கிளினிக்கை மூடிவிடுவீர்களா என்று கேட்டார். மூடமாட்டோம் என்றேன். மனம் கேட்காமல், உங்கள் வீட்டில் வெந்நீர்க் குழாய் இருக்கிறதா என்று விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"மலையில இருந்து வர்ற பீலித் தண்ணிதாங்க ஐயா. ஐஸ் மாதிரி இருக்கும்."

பிறகு ஏன் இந்தக் குளிரில் என்று கேட்டேன். அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்ஸி படுக்கிற கட்டிலுங்க. விடிய மலைக்குப் போறப்ப ஜன்னல்ல பாத்திருக்கோம். அழுக்கோட அதுல எப்படிங்க படுக்கிறது? எங்களுக்குத் தெரியும்னு மட்டும் மிஸ்ஸிகிட்ட சொல்லிறாதீங்க. அப்புறம் அவங்க தரையில படுத்துருவாங்க."

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அன்று பஸ் ஏறினேன்.